வெளியே குத்துகிற வைஃபை அடப்டர் லைவ்வுக்கு உதவுமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று எதற்குக் கமெராவோடு போனாலும் முதலில் கேட்பது "லைவ் இருக்குத்தானே?" என்பதுதான். அல்பம் ஆறுதலாக வரலாம். ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவும் சுவிஸில் இருக்கிற மூத்த மகனும் அந்த நிமிடமே பார்க்க வேண்டும். லைவ் போடுகிற தம்பிமார் வைஃபை அடப்டர் பற்றி என்னிடம் கேட்கிறவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது.

வைஃபை அடப்டர் என்றால் அந்த சிம் போடுகிற டொங்கிள்தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தில் காசை விட்டவர்கள் இருக்கிறார்கள். கடையில் இரண்டையுமே டொங்கிள் என்றுதான் சொல்வார்கள். சிம் போடுகிற டொங்கிள், போன் சிக்னல் தருகிற கோபுரத்தோடு, அதாவது ரவரோடு, நேரடியாகப் பேசும். அதற்கு டேற்றா தேவை. நான் இங்கே சொல்வது சிம் இல்லாத சாமான். லப்டொப்பின் யுஎஸ்பி ஓட்டையில் குத்தினால், லப்டொப்புக்கு உள்ளே இருக்கிற வைஃபை கார்டின் வேலையை இது எடுத்துக்கொள்ளும். ரவுட்டரோடு மட்டும்தான் பேசும். இன்ரநெட்டைத் தானாகக் கொண்டுவராது.

என் லைவ் விட்டு விட்டுப் போகிறது. ஒன்று வாங்கிக் குத்தினால் சரியாகுமா?

சில வேளை ஆகும், பல வேளை ஆகாது. உங்கள் படம் லப்டொப்பிலிருந்து யூரியூப்புக்குப் போகிற வழியில் இரண்டு தாண்டல் இருக்கிறது. லப்டொப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து ரவருக்கு மற்றது. அடப்டர் முதலாவதைத்தான் திருத்தும். நோ வலக்காலில் இருக்க இடக்காலுக்குக் கட்டுப் போடக்கூடாது.

எது நோகிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, முடிந்தால் லான் வயரிலேயே (ரவுட்டரில் நேரே குத்துகிற நெட் வயர்) பூட்டி, அப்லோட் வேகத்தைச் சோதியுங்கள். பிறகு நீங்கள் வழமையாக இருக்கிற மேசையில் வைத்துச் சோதியுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வந்தால் அடப்டர் வாங்க வேண்டாம், குறை ரவர்ப் பக்கம். ரவுட்டருக்குப் பக்கத்தில் 8 மெகாபிட்டும் மேசையில் 2 மெகாபிட்டும் என்றால் அடப்டருக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு வழி, ரவுட்டருக்கே பிங் அடிப்பது, அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எடுக்கிற நேரத்தைப் பார்ப்பது. ரவுட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருப்பார்கள். நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். 2, 3, 5 மில்லிசெக்கன் என்று அமைதியாகப் போனால் வைஃபை சுகமாக இருக்கிறது. நடுவில் 200, 400 என்று துள்ளினால் அல்லது பதிலே வராமல் போனால், உங்கள் லைவ் அறுகிற இடம் அதுதான்.

வேகம் சோதித்தால் 30 மெகாபிட் காட்டுகிறது. பிறகு ஏன் அறுகிறது?

நீங்கள் பார்த்தது இறக்குகிற வேகம். லைவ் ஏற்றுகிற வேலை. நம் பகுதியில் வீடுகளுக்கு எடுக்கிற 4ஜி இணைப்புகளில் இறக்குவதற்குப் பெரும் பங்கும் ஏற்றுவதற்குச் சிறு பங்குமே கிடைப்பது வழமை. 30 இறங்குகிற இடத்தில் 4 ஏறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

என் கணக்கு எளிமையானது. 720பி, செக்கனுக்கு 30 பிரேம், 2500 முதல் 3000 கிலோபிட் பிட்ரேட் (செக்கனுக்கு அனுப்புகிற டேற்றா அளவு). அதை அனுப்ப, சோதனையில் அப்லோட் அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 5, 6 மெகாபிட் நிலையாக வர வேண்டும். கீபிரேம் (முழுப் படமாகப் போகிற பிரேம்) இடைவெளி 2 செக்கன். "1080பி போடுங்கோ அண்ணை" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற மாமி போனில்தான் பார்க்கப் போகிறா. தெளிவு கொஞ்சம் குறைந்தால் அவ கவனிக்க மாட்டா, நின்றால் உடனே கோல் எடுப்பா.

3000 கிலோபிட்டில் மூன்று மணித்தியாலம் போட்டால் ஏறக்குறைய 4 ஜிபி போகும். உங்கள் பக்கேஜில் இரவு டேற்றா தனி, பகல் டேற்றா தனி என்றிருந்தால், மிச்சத்தைக் கூட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். காலை ஒன்பது மணி முகூர்த்தம் கோடைக்காலத்தில் ரொறன்ரோவுக்கு முதல்நாள் இரவு பதினொன்றரை. டேற்றாக் கணக்குக்கு அது இங்கே பகல்தான்.

லப்டொப்பிலேயே வைஃபை இருக்கிறதே, வெளியே குத்துவதில் என்ன புதுமை?

பழைய, மலிவான லப்டொப்கள் பலவற்றில் உள்ளே இருப்பது, வைஃபை வழமையாக ஓடுகிற 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையில் 2.4 மட்டும் பிடிக்கிற கார்ட். ஒற்றை அன்ரெனாவோடு வருவதும் உண்டு. அந்த அன்ரெனாவும் திரையைச் சுற்றி எங்கோ ஒளிந்திருக்கும். லப்டொப் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் சிக்னல்.

ஆனால் அடப்டரில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதை லப்டொப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். மிக்ஸர், கமெரா வயர், மின்சார பிளக் எல்லாம் இருக்கிற மூலையை விட்டு லப்டொப் அசைய முடியாது. ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு அடப்டரை மட்டும் மேலே கொண்டுபோகலாம். நான் இரண்டு மீற்றர் வயரில் பூட்டி, லைற் ஸ்ராண்டின் உச்சியில் ரேப் சுற்றிக் கட்டுகிறேன். சனத்தின் தலைக்கு மேலே போனாலே பாதிப் பிரச்சினை தீரும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், வைஃபை அலையை நன்றாகக் குடிக்கும். காலையில் வெறும் மண்டபத்தில் நன்றாக ஓடியது, முகூர்த்த நேரம் நானூறு பேர் நிறைந்ததும் படுத்துவிட்டது என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

வயரை இஷ்டத்துக்கு நீட்டக்கூடாது. யுஎஸ்பி 2.0 என்றால் ஐந்து மீற்றர் எல்லை, 3.0 என்றால் மூன்று மீற்றருக்குள் நில்லுங்கள்.

நல்ல அடப்டர்தான் வாங்கினேன், முந்தியதைவிட மோசமாகிவிட்டது. ஏன்?

இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பரந்தன் பக்கம் ஒரு கலியாணம். மேளம் கெட்டிமேளமாகிற நேரம் கனடாவிலிருந்து பெண்ணின் மாமி கோல் எடுத்தா. "தம்பி, ஐயர் கையைத் தூக்கினபடி நிக்கிறார், எவ்வளவு நேரமா நிக்கிறார்!" தாலி கட்டி முடிந்துவிட்டது, அங்கே ஐயர் இன்னும் கையை இறக்கவில்லை.

அன்று நான் புதிதாக வாங்கிய அடப்டரை ஒரு யுஎஸ்பி வாயை நான்காக்குகிற ஹப்பில் குத்தியிருந்தேன். அதே ஹப்பில், கமெராப் படத்தை லப்டொப்புக்குள் எடுக்கிற கப்ஷர் கார்ட். பக்கத்து வாயில் பதிவுக்காக யுஎஸ்பி 3.0 வெளி ஹார்ட்டிஸ்க். இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. யுஎஸ்பி 3.0 சாமான் ஓடும்போது அதன் இணைப்பிலிருந்தும் வயரிலிருந்தும் கசிகிற மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழும். இன்ரெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. நான் அன்று 2.4இல்தான் இணைத்திருந்தேன். ஹார்ட்டிஸ்க்கில் எழுத எழுத அடப்டருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. போதாததற்கு, மூன்று சாமானும் ஹப்பின் ஒரே வாயால்தான் லப்டொப்புக்குள் போக வேண்டும்.

அடப்டரைக் கழற்றி லப்டொப்பின் மறுபக்க வாயில் நீட்டிப்பு வயரோடு குத்தியதும் நின்ற படம் நகர்ந்தது. அதற்குள் சாப்பாட்டுப் பந்தி. ஆகவே கப்ஷர் கார்ட் ஒரு பக்கம், அடப்டர் மறுபக்கம், ஹப் வேண்டவே வேண்டாம்.

2.4இல் இணைப்பதா, 5இல் இணைப்பதா?

ரவுட்டரும் நீங்களும் ஒரே மண்டபத்தில் இருந்தால் 5. யோசிக்கவே வேண்டாம். 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத சனல் (அலைவரிசைக்குள் இருக்கிற பாதை) மூன்றுதான் இருக்கிறது: 1, 6, 11. அந்த மூன்றுக்குள் அயலில் உள்ள எல்லா ரவுட்டரும், வந்திருக்கிற பிள்ளைகளின் ஹொட்ஸ்பொட்டும், புளூடூத்தும் கிடந்து நெரிபடும். நம் தொழில்காரர் மறக்கிற இன்னொன்று: இப்போது எல்லோரும் கொலரில் குத்துகிற சின்ன வயர்லெஸ் மைக்குகளில் பெரும்பாலானவை 2.4இல்தான் ஓடுகின்றன. மைக் கரகரத்தால் வைஃபையையும், வைஃபை அறுந்தால் மைக்கையும் சந்தேகப்படலாம். கமெராவிலிருந்து வயரில்லாமல் படம் அனுப்புகிற எச்டிஎம்ஐ பெட்டி வைத்திருப்பவர்கள் மறுபக்கம் பார்க்க வேண்டும். அவற்றில் பல 5இல் ஓடுபவை. அப்போது ரவுட்டரின் சனலை அதைவிட்டு எட்ட மாற்றுங்கள்.

ரவுட்டர் வீட்டுக்குள், நீங்கள் வளவில் போட்ட பந்தலில், இடையில் இரண்டு கல்சுவர் என்றால் 5 தாக்குப்பிடிக்காது, 2.4தான். தகரம் அடித்த கொட்டிலென்றால் இரண்டுமே கஷ்டம். அப்போது ரவுட்டரைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியில் போட்டிருக்கிற பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். ஏசி1300 என்றால் 1300 மெகாபிட் என்று நினைக்க வேண்டாம். அது 2.4இன் 400ஐயும் 5இன் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணைப்பீர்கள். ஏசி600 என்பது 150ம் 433ம். 3 மெகாபிட் அனுப்பப் போகிற நமக்கு இந்த எண்கள் எல்லாமே தாராளம். வேகத்துக்காக இல்லாமல் பிடிமானத்துக்காக வாங்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அன்ரெனா இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது.

நகம் அளவில் வருகிற குட்டி அடப்டர் வேண்டாம். அன்ரெனா வைக்க அதில் இடமே இல்லை, மூன்று மணி நேரம் அனுப்பினால் கை சுடும். பெயரில்லாத பெட்டியில் "6 அன்ரெனா" என்று போட்டு வருவதையும் வாங்காதீர்கள். யுஎஸ்பி 3.0 கட்டாயமா என்றால், இல்லை. 2.0இன் 480 மெகாபிட் எல்லையை நம் லைவ் தொடப்போவதில்லை, 2.0 வாயில் குத்தினால் மேலே சொன்ன இரைச்சலும் குறைவு.

டிரைவரை (அடப்டரை இயக்க லப்டொப்பில் போடுகிற மென்பொருள்) வீட்டிலேயே ஏற்றி, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சில அடப்டர்கள் குத்தியதும் தன்னை ஒரு சீடி என்று காட்டும், டிரைவர் அதற்குள்தான் இருக்கும். அதைத் தெரியாமல் பந்தலில் நின்று "வேலை செய்யேல்லை" என்று கோல் எடுத்தவர்கள் உண்டு.

குத்தியாயிற்று. விண்டோஸில் என்ன மாற்ற வேண்டும்?

உள்ளே இருக்கிற பழைய கார்டை டிவைஸ் மனேஜரில் நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒரே ரவுட்டரில் இணைந்தால் வேகம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள், கூடாது. விண்டோஸ் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அது பழையதாகவும் இருக்கலாம். அடுத்து, அதே இடத்தில் அடப்டரின் பவர் மனேஜ்மென்ட்டுக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்க விடுகிற சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். பவர் ஒப்ஷனில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கிற செற்றிங்கையும் நிறுத்துங்கள்.

பிங் ஒழுங்காகப் போய், குறித்த இடைவெளியில் ஒரு துள்ளல் வந்தால், கணினி பின்னால் மற்ற வைஃபைகளைத் தேடுகிறது. லொகேஷன் சேவையை அணைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு லப்டொப்பில் அதோடு நின்றது.

போனைக் கமெராவாக வைத்து வைஃபையில் லப்டொப்புக்கு எடுக்கிறேன். அதற்கு அடப்டர் உதவுமா?

உதவும். பலர் யோசிக்காத பயன் இது. போனிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து லப்டொப்புக்கு, லப்டொப்பிலிருந்து திரும்ப ரவுட்டருக்கு என்று ஒரே படம் ஒரே காற்றில் மூன்று முறை போகிறது. வைஃபையில் ஒரு சனலில் ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். எனவே அடப்டரை 5இல் இன்ரநெட்டுக்கு விட்டுவிட்டு, உள் கார்டில் மொபைல் ஹொட்ஸ்பொட் திறந்து போனை நேரே லப்டொப்போடு 2.4இல் இணையுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் உள் கார்டை நிறுத்தக்கூடாது. தானே வைஃபை விடுகிற அக்‌ஷன் கமெராவுக்கும் இதே முறைதான்.

இவ்வளவு பாடுபடாமல் வயர் பூட்டினால் என்ன?

அதைத்தான் நானும் சொல்வேன். நல்ல அடப்டருக்குக் கொடுக்கிற காசில் முதலில் யுஎஸ்பியிலிருந்து லானுக்கு மாற்றுகிற சின்னச் சாமானையும் இருபது மீற்றர் லான் வயரையும் வாங்குங்கள். லான் வயர் நூறு மீற்றர் வரை சளைக்காமல் போகும், அதாவது கோயில் மூலஸ்தானத்திலிருந்து வெளிவீதி வரை. சனம் மிதிக்கிற இடத்தில் கம்பளத்துக்குக் கீழே விட்டு ரேப் ஒட்டினால் சரி. போன் ஹொட்ஸ்பொட்டில் லைவ் போடுபவர்களும் யுஎஸ்பி வயரால் போனை லப்டொப்பில் பூட்டி ரெதரிங் போடுங்கள். வைஃபையே தேவையில்லை, போன் சார்ஜும் ஏறும். சுவாமி வீதி வலம் வரும்போது, வயர் இழுக்க முடியாத இடத்தில்தான் எனக்கு அடப்டர் நினைவுக்கு வரும்.

வற்றாப்பளைப் பொங்கலில் லைவ் போகவே இல்லை. அடப்டர் மாற்றவா?

மாற்றினாலும் போகாது. வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் கரையில் கூடுகிற சனத்தின் அளவு உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரின் போனும் அதே ரவர்களில் தொங்கும். சிக்னல் ஐந்து கோடு காட்டும், அப்லோட் ஏறாது. மடு மாதா திருவிழாவிலும் புளியம்பொக்கணைப் பொங்கலிலும் இதே நிலைதான். இரண்டு வேறு வேறு நிறுவன சிம் கொண்டுபோங்கள், பிட்ரேட்டை 1200 கிலோபிட்டுக்கு இறக்குங்கள், லைவ் அனுப்புகிற மென்பொருளான ஓபிஎஸ்ஸில் நெரிசலுக்கு ஏற்பப் பிட்ரேட்டைத் தானாக மாற்றுகிற வசதியைப் போட்டுவிடுங்கள். முதல்நாள் போய்ச் சோதித்து "நல்லா வருது" என்று திரும்புவதில் பிரயோசனமில்லை, முதல்நாள் சனம் இல்லை.

சனமில்லாத ஊரில் நிலைமை வேறு. இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயலுக்குள் இருக்கிற வீடுகளில் ரவர் தூரம். ரவுட்டரை ரவர் இருக்கிற பக்கத்து யன்னலில், உயரமாக வையுங்கள். வெளி அன்ரெனா பூட்டுகிற வாய் உள்ள ரவுட்டர் என்றால் அதையும் பூட்டிக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள்.

குறை நெட்டிலா லப்டொப்பிலா என்று லைவ் நடக்கும்போதே எப்படி அறிவது?

ஓபிஎஸ்ஸில் ஸ்ராட்ஸ் பெட்டியைத் திறந்து வையுங்கள். நெற்வேக் காரணமாக விழுந்த பிரேம் ஏறினால் நெட். என்கோடிங் (படத்தைச் சுருக்குகிற வேலை) பிந்துவதால் தவறிய பிரேம் ஏறினால் லப்டொப்பால் முடியவில்லை, அதற்கு எந்த அடப்டரும் மருந்தில்லை. இரண்டும் பூச்சியமாக இருந்தும் படம் நின்றால் பாட்டைப் பாருங்கள். ஸ்பீக்கர்காரர் போடுகிற சினிமாப் பாட்டுக்கு உரிமை கேட்டு யூரியூப் லைவ்வை இடைநிறுத்துவது உண்டு.

கரண்ட் போனால்?

லப்டொப் தாங்கும், ரவுட்டர் செத்துவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று வைத்திருங்கள்.

புது யூரியூப் சனலில் உடனே லைவ் போடலாமா?

முடியாது. முதல் முறை லைவ் அனுமதி கேட்டால் 24 மணித்தியாலம் வரை எடுக்கும். போனிலிருந்து நேரே போடுவதற்கு 50 பேராவது சப்ஸ்கிரைப் செய்திருக்கவும் வேண்டும். கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் பெயரில் சனல் திறந்தவரை எனக்குத் தெரியும்.

செத்தவீட்டு லைவ் நடுவில் அறுந்தால் என்ன செய்வது? திரும்பக் கேட்க முடியாதே.

ஓபிஎஸ்ஸில் லைவ்வைத் தொடங்கும்போது பதிவையும் சேர்த்துத் தொடங்குங்கள், லப்டொப்பின் உள் டிஸ்க்கில். அறுந்தால் பதற வேண்டாம், பதிவை நிறுத்தவும் வேண்டாம். வீட்டுக்காரரை இந்த நேரத்தில் இதற்காகக் கூப்பிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பார்க்கிற ஒருவரின் வட்ஸ்அப் இலக்கத்தை முதலே வாங்கி வைத்து, அவருக்கு மட்டும் "லைன் அறுந்தது, பதிவு ஓடுது, பின்னேரம் முழுதும் ஏற்றுறன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அவர் சொல்லுவார். அடப்டரைக் கழற்றிக் குத்துவதென்றால் பிரேதப் பெட்டியை எடுக்கிற நேரத்தில் செய்யாதீர்கள், தேவாரம் முடியட்டும்.